துண்டுக்குள் பேசியது

எங்கள் தெருவில் சிங்கப்பூர் போய்வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் வாயைத் திறந்தாலே விமான நிலையம்தான். இந்த முறை நானும் விடவில்லை. "மூன்றே நாளில் நான்கு தடவை எல்லை தாண்டப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டு, ஒரு தோள்பையும் ஒரு குடையும் இரண்டு பொட்டலம் மணப்பாறை முறுக்குமாகத் திருச்சியிலிருந்து கேரளாவுக்குக் கிளம்பினேன். எல்லை என்றால் பாஸ்போர்ட் கேட்கிற எல்லை இல்லை. ஒரு போர்டு, ஒரு சோதனைச் சாவடி, அதற்கப்புறம் டீ சாயாவாகிவிடும். இந்த விவரத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

போன காரியம் இது. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையில் வேலை பார்க்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, கூடவே ஓர் உதவி ஆசிரியையும் இருந்தால் எப்படிப் படிக்கிறார்கள் என்பது எங்கள் ஆய்வு. இடுக்கி மலையில் ஒரு பள்ளி, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பள்ளி, இரண்டும் தமிழ் பேசும் பகுதிகள். ஆனால் அந்த வகுப்பில் சேர மூன்று பக்கப் படிவம் ஒன்றைத் தாண்ட வேண்டும். அதில் இரண்டாம் பக்கம், 'பிறரோடு தொடர்புகொள்ளுதல்', முழுக்க 'இல்லை' என்று விழுந்தால் குழந்தைக்கு வகுப்பு கிடையாது. வாரம் ஒரு நாள் நகரத்து மையத்தில் பயிற்சி, அதோடு சரி.

ஆறு மாதத்துக்கு முன்பு பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தர்ஷினி என்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பக்கம் முழுக்க 'இல்லை' போட்டது வேறு யாருமில்லை, நான்தான். கண்ணைப் பார்க்கிறாளா? இல்லை. வார்த்தை? இல்லை. கேட்டால் பதில் உண்டா? இல்லை. அவளுடைய அம்மா சாந்தாமணி ஒவ்வொரு 'இல்லை'க்கும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை திருச்சி வரைக்கும் என்கூடவே வந்துவிட்டது. வகுப்புக்கான பட்டியலை மூடுவதற்குள் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று பேராசிரியரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி. ஐந்து ஒன்றுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை" என்றார் அவர். நல்ல மனிதர். ஆனால் படிவம் என்றால் உயிர்.

முதல் நாள் இடுக்கி மலையில் சித்திரபுரம். திருச்சிக்காரிக்குக் குளிர் என்றால் மின்விசிறியை இரண்டில் வைப்பது. இங்கே மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மின்வாரியக் குடியிருப்பை ஒட்டிய ஒரு அறையில் பெற்றோர் கூட்டம். பால் விடாத கட்டன் சாயா, அவித்த கப்பை, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. கப்பை என்றால் நம் மரவள்ளிக்கிழங்கு, அதில் பிரச்சினை இல்லை. சம்மந்தியைத்தான் நம் ஊர்த் துவையல் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டேன். அடுத்த ஐந்து நிமிடம் கூட்டம் ஆட்டிசத்தை விட்டுவிட்டு என்னைக் கவனித்தது.

எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டியவர் முத்துலட்சுமி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார், மகன் செந்தில் எங்கள் வகுப்பில் ஒரு வருடமாகப் படிக்கிறான். என் கண்ணீர் நின்றதும் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"டீச்சர், 'பிறந்தநாள் கேக் வெட்டுவது போல விளையாடுகிறதா'ன்னு கேட்டிருக்கீங்க. எங்க எஸ்டேட் லயத்துல எவன் கேக்கு வெட்டுதான்? எம் மவன் கொழுந்து நிறுக்குற மாதிரி வெளையாடுவான். தராசு வைப்பான், முகத்தச் சுளிப்பான், ரெண்டு கிலோ கொறைப்பான், அப்படியே சூப்பர்வைசர்தான். அதுக்குக் கட்டம் எங்க?"

கட்டம் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்பொ ஒத்தக் கேள்வி போதும். 'உங்க வீட்டுல எப்பிடிப் பேசிக்கிடுவீங்க?' அதக் கேட்டா நாங்களே சொல்லிருவோம்ல."

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் அசடு வழிந்தேன். ஒரு ஊர்ப் பெற்றோரில் ஒருவர் அடுத்த ஊருக்கு ஆய்வாளரோடு போகலாம் என்று எங்கள் திட்டத்தில் ஒரு வரி உண்டு. எழுதிய நாங்களே மறந்துபோன வரி. முத்துலட்சுமி மறக்கவில்லை. "நான் வாரேன் டீச்சர். லீவு சொல்லிட்டேன்" என்றார். தர்ஷினிக்கு நான் 'இல்லை' போட்ட கதையைக் கேட்டதிலிருந்தே அவருக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

இரண்டாம் நாள் முழுக்கப் பேருந்து. மலையிறங்கும் ஒவ்வொரு வளைவிலும் என் வயிறு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். முத்துலட்சுமி அக்கா அதே வளைவுகளில் எலுமிச்சைச் சோறும் பொரித்த கருவாடும் சாப்பிட்டார். "நீங்களும் ரெண்டு வாய் தின்னுங்க டீச்சர், வெறும் வயித்துல வாந்தி எடுத்தா ஒடம்புக்கு ஆகாது" என்று உபசாரம் வேறு. ஜன்னலோரம் எனக்கு, கருவாடு அவருக்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

காட்டுக்குள் ஓரிடத்தில் வண்டி நின்றது. சாலை நடுவே ஒரு யானை, அவசரமே இல்லாமல் மூங்கிலை உரித்துக்கொண்டிருந்தது. நடத்துநர் ஓட்டுநரிடம் மலையாளத்தில் சொன்னார்: "ஹாரன் அடிக்காதே. அதுவும் இந்த ரூட்டில் தினமும் வருகிற ஆள்தான், இதுவரை டிக்கெட் கேட்டிருக்கிறோமா?" வண்டி முழுக்கச் சிரித்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் ஊரில் சிக்னலில் முப்பது விநாடி பொறுக்க முடியாத நான், ஒரு யானையின் சாப்பாடு முடியும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தேன். மூச்சும் வயிறும் அடங்கின. யானைக்கு நன்றி.

மூன்றாம் நாள் காலை தர்ஷினியின் அப்பா காளியப்பனுக்குப் போன் போட்டேன். அவர் மாட்டுத் தரகர். "ஏனுங் டீச்சர், இன்னைக்குச் சந்தை நாளுங்க. மத்தியானம் வரைக்கும் நான் ஊட்டுக்குப் போவ முடியாதுங்க. நீங்க வேலந்தாவளத்துக்கே வந்துருங்க, கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். ஐந்து மணிக் கெடு இருக்கிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். சரி என்று போனோம்.

வேலந்தாவளம் சந்தையில் நான் பார்த்த முதல் காட்சி, யாருமே அவசரப்படாத ஒரு பெருங்கூச்சல். மாடுகள், கயிறுகள், சாணி, நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியின் வாசனை. ஒரு கடையில் சாயா கேட்டால் தமிழில் 'சர்க்கரை எச்சாப் போடட்டுங்களா' என்கிறார்கள், சில்லறையை மலையாளத்தில் எண்ணிக் கொடுக்கிறார்கள். இரண்டாவது பழம்பொரியைக் கடிக்கும்போது முத்துலட்சுமி அக்கா என் முழங்கையை இடித்தார்.

"டீச்சர், அங்க பாருங்க. என்ன பண்ணுதாங்க?"

ஒரு மயிலை மாட்டின் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் காளியப்பன். இருவரும் மாட்டைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர்கூடப் பார்க்கவில்லை. அவர் கிழக்கே பார்த்தார், இவர் மேற்கே பார்த்தார். நடுவில் ஒரு பச்சைத் துண்டு தொங்கியது. துண்டுக்கடியில் இரண்டு பேர் கைகளும் ஏதோ செய்துகொண்டிருந்தன. துண்டு மட்டும் அங்கங்கே அசைந்தது. ஒரு வார்த்தை இல்லை. திடீரென்று காளியப்பன் கையை உதறினார். மறுபடி உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்தார்கள், மாடு கைமாறியது.

சாயாக் கடைக்காரர் விளக்கினார்: "வெரலப் புடிச்சு வெல பேசறாங்க. பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக் கூடாதில்லீங்களா, அதான் துண்டுப் பேச்சு."

எனக்குத் தொழில் புத்தி. மனதுக்குள்ளேயே படிவத்தை எடுத்து அந்த இருவருக்கும் நிரப்பிப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கிறாரா? இல்லை. வார்த்தை? இல்லை. ஒரே கையசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா? ஆம். இப்படியே போனால் பாதிச் சந்தைக்கு நாங்கள் உதவி ஆசிரியை நியமிக்க வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது. அதற்கு மேல் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்தவளின் லட்சணம் அது.

காளியப்பனின் வேலை முடிய மத்தியானம் இரண்டு மணி ஆனது. பேருந்து போய்விட்டது. அவர் எங்களைக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றினார். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே இடம், முழங்கால் வலி என்று அக்கா அதில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நான், காளியப்பன், அன்றைக்கு அவர் வாங்கிய ஒரு செவலைக் கன்று. "சாதுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். உண்மைதான், அது என்னை ஒன்றும் பண்ணவில்லை. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குப் பள்ளம் கடவுள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தோள்பையிலிருந்து எட்டிப்பார்த்த படிவத்தில் ஒரு தாளை நிதானமாக உருவி மென்றுகொண்டிருந்தது. நான் பார்த்தபோது ஒரு மூலை மட்டும் வாய்க்கு வெளியே இருந்தது. இழுத்தேன். அது மூலையையும் விழுங்கிவிட்டு நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

மற்ற இரண்டு பக்கமும் பத்திரம். கன்று தின்றது இரண்டாம் பக்கம்.

வண்டியிலிருந்தே பேராசிரியரைக் கூப்பிட்டேன். "சார், இரண்டாம் பக்கத்தைக் கன்று தின்றுவிட்டது." "எந்தக் கன்று?" என்றார். செவலை என்றேன். கடைசியில், "வெள்ளைத்தாளில் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பு. ஐந்துக்குள். அதில் ஒரு 'ஆம்'ஆவது உண்மையாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். உண்மையாக என்பதை இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் சாந்தாமணி வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருடைய கண் முதலில் போனது என் பேனாவுக்குத்தான். "வாங்க டீச்சர், மொதல்ல சாப்புடுங்க" என்று அரிசிம்பருப்புச் சோறு போட்டு, மேலே தேங்காயெண்ணெய் விட்டார். முந்தின நாள் முழுக்க எதையும் நம்பாத என் வயிறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டது. சாப்பிடும்போதே அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் டீச்சர், அந்த நகரத்து மையத்துக்கு ரெண்டு பஸ்ஸு மாறோணுங்க. பஸ்ஸு சத்தத்துக்கே புள்ள தலைய முட்டிக்குவா. பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களோட இதே பள்ளிக்கூடத்துல ஒக்கார வெக்க வழியே இல்லீங்களா?" கையைக் கழுவிக்கொண்டு தர்ஷினியைத் தேடிப் போனேன்.

தர்ஷினி மோட்டார் தண்ணீர் விழும் வாய்க்காலில் காலை விட்டு நின்றிருந்தாள். போன தடவை நான் செய்தது போல எதிரே போய் உட்கார்ந்து, படம் காட்டி, 'இங்கே பார் கண்ணு' என்று ஆரம்பித்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். பெயரைக் கூப்பிட்டேன். தண்ணீரைப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால். என் வெள்ளைத்தாளில் மறுபடியும் மூன்று 'இல்லை' வரிசையாக நிற்கப்போவது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

அப்போது காளியப்பன் கன்றைக் கட்டிவிட்டு, கைகால் கழுவி, வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார். பச்சைத் துண்டை மடியில் போட்டார். தர்ஷினி தண்ணீரை விட்டு ஏறினாள். நேரே போய் அவர் பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, துண்டுக்கடியில் கையை விட்டாள். அவர் கிழக்கே பார்த்தார். அவள் தென்னையைப் பார்த்தாள். துண்டு அசைந்தது.

"டீச்சர்," என்றார் முத்துலட்சுமி அக்கா, என் தோளை அழுத்திக்கொண்டு. "அவ பேசுதா."

துண்டுக்குள் ஒரு கை உதறியது. மறுபடி அசைந்தது. காளியப்பன் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு வெல்லக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். நான் ஓடினேன், வாய்க்காலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"போன வருசத்துல இருந்துங்க. சந்த முடிஞ்சு வந்து துண்டப் போட்டன்னா, அவளே கைய உட்டுக்குவாளுங்க."

"ஆறு மாசம் முன்னாடி வந்தப்ப ஏன் சொல்லலை? அவ என்னவெல்லாம் சொல்வா?"

காளியப்பன் தர்மசங்கடத்தோடு துண்டைத் தட்டினார். "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லக் கூடாதுங்களே டீச்சர். அது தொழில் தருமமுங்க. மாட்டுக்காரன் என்ன சொன்னான்னு கேட்டா எங்க அப்பன்கிட்டயே சொல்ல மாட்டனுங்க. எம் புள்ள என்ன நம்பிச் சொல்லுறத எப்பிடிங்க சொல்லுவன்?"

சாந்தாமணி கணவர் அருகே வந்தார். அப்பனும் மகளும் துண்டை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காளியப்பன் வாய் திறக்காததற்கும் நான் சரியாகக் கேட்காததற்கும் சேர்த்து ஒரு குழந்தை வகுப்பை இழக்க இருந்தது. அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நான் வாய மூடிட்டு எம் புள்ளைக்கே கேடு பண்ணிப்போட்டனுங்களா?" அவர் குரல் உடைந்தது.

"அண்ணே, கேடு பண்ணினது அந்தப் படிவம். அதத்தான் கன்னுக்குட்டி தின்னுட்டுதே" என்றார் அக்கா. "அவ சொன்னத நீங்க சொல்ல வேண்டாம். டீச்சர் துண்டுக்குள்ள கைய விடட்டும்."

விதிகளைச் சொல்லிக்கொடுப்பதில் காளியப்பனுக்குத் தடை இல்லை. எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. முழுக்கையை அமுக்கினால் சம்மதம். உதறினால் ஒத்துவரவில்லை. முக்கியமாக, முகத்தைப் பார்க்கக் கூடாது. நான் மேட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, துண்டை மடியில் போட்டு மோட்டார் அறையைப் பார்த்தேன். சத்தியமாக, பிஎச்.டி. நேர்காணலில்கூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஈரமான சின்னக் கை ஒன்று உள்ளே வந்தது. அதன் இரண்டு விரலைப் பிடித்தேன்: இரண்டு முறுக்கு. உதறினாள். என் நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்தாள். நான் மூன்று என்றேன். உதறினாள். நான்கு. நானும் விடாமல் மூன்று என்றேன். கை வெளியே போய்விட்டது. வியாபாரம் முறிந்தது என்று துண்டை மடிக்கப் போனபோது திரும்பி வந்து என் ஐந்து விரலையும் பிடித்தாள். ஏறிக்கொண்டே போகிறாள்! அவள் கையை முழுசாக அமுக்கிவிட்டேன். பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, தண்ணீர் விழுகிற மாதிரி. ஐந்து முறுக்கை எண்ணி எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போய்விட்டாள். துண்டுத் தருமப்படி இதை நான் எழுதக் கூடாது. ஆனால் முறுக்கு போனதை எல்லோரும் பார்த்தார்கள், ஆகவே இது ரகசியமில்லை.

நான் குதித்தேன். ஒற்றைச் செருப்போடு குதித்தேன். அக்கா காளியப்பனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கன்று கத்தியது. மணி நாலு இருபது.

பேராசிரியருக்குப் போன். "கேட்கிறாள், மறுக்கிறாள், பேரம் பேசுகிறாள், சார். என்னை ஜெயித்துவிட்டாள்."

"இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?" என்றார்.

"நேரில் வந்து கையை நீட்டுங்கள் சார். முறுக்கு கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவாருங்கள்."

அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. "எழுதி அனுப்பு. வகுப்பில் அவளுக்கு இடம் உண்டு. உதவி ஆசிரியையிடம் ஒரு துண்டு வாங்கச் சொல்" என்றார்.

வெள்ளைத்தாளை எடுத்தேன். தொடர்பு கொள்கிறாளா? ஆம். கேட்டால் பதில் உண்டா? ஆம். தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறாளா? ஆம், ஆம். முத்துலட்சுமி அக்காவின் கேள்வியையும் கீழே சேர்த்து எழுதினேன்: உங்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்? துண்டுக்குள். சாந்தாமணி வழக்கம்போல என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'ஆம்' விழும்போதும் அவருடைய உதடு அசைந்தது. நான்காவது 'ஆம்' முடிந்ததும் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங், நானும் ஒருக்கா கைய வெக்கட்டுங்களா?"

காளியப்பன் தயங்கினார். பொம்பளைகள் துண்டு போடும் பழக்கம் அங்கே கிடையாது.

"டீச்சர் வச்சாங்கல்ல?" என்றார் அக்கா. "பெத்தவ வச்சா துண்டு கிழிஞ்சா போயிரும்?"

அவர் துண்டை நீட்டினார். சாந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்தார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவை துடைத்தார். தென்னையடியில் மகளுக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, மடியில் துண்டைப் போட்டார். தர்ஷினி கடைசி முறுக்கை முடித்தாள், விரலை நக்கினாள், கையை உள்ளே விட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துண்டு அசைந்தது, நின்றது, அசைந்தது. சாந்தாமணி மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை, கை காலியாக இல்லை. ஏழு வருடம் காத்திருந்த பேச்சு.

மணி நாலு ஐம்பது. அசல் பக்கத்தில் இருந்ததுபோல நான் வரைந்த கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. 'குழந்தை தெரிவித்தது என்ன? விவரமாக எழுதவும்.' முறுக்கை எழுதலாம்தான். ஆனால் இது அதைவிடப் பெரியது என்று தோன்றியதால் பேனாவோடு அவரிடம் போனேன்.

"என்னங்க சொன்னா?"

சாந்தாமணி எழுந்தார். துண்டை உதறி, நான்காக மடித்து, கணவரிடம் கொடுக்காமல் தன் தோளில் போட்டுக்கொண்டார். முதல் முறையாக என் பேனாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அதெப்பிடிங்க டீச்சர் வெளிய சொல்றது?"

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, படம் எடுத்து, நாலு ஐம்பத்தைந்துக்கு அனுப்பிவிட்டேன்.